போன மாதத்து வாசம் எங்கே, அண்ணாச்சி?

பனிமய மாதா கோயிலில் கொடி ஏறும் ஜூலை 26-ஆம் தேதி தொடங்கி, திருநாள் நடக்கும் ஆகஸ்டு 5 வரை நம்மூர்க் கடைகளில் மெழுகுதிரி போகிற வேகத்தை உறுப்பினர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அது வெள்ளைத் திரி வியாபாரம். பிடித்தால் எரிய வேண்டும், சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் வாங்குகிறவர் எதிர்பார்ப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டமே கரண்டு இல்லாமல் இருட்டில் கிடந்தபோது திரி கேட்டு வந்தவர்களில் ஒருவராவது முகர்ந்து பார்த்து வாங்கினார்களா? இல்லை.

இந்த ஏழெட்டு வருடமாக நம்மில் பலர் அடுக்கி வைத்திருக்கும் வாசனைத் திரியின் கதை வேறு. கண்ணாடிக் குவளையிலும் சிறு டப்பாவிலும் ஊற்றி, மல்லிகை, சந்தனம், எலுமிச்சை என்று சீட்டு ஒட்டி வருகிற சரக்கு. வெள்ளைத் திரி பாக்கெட்டில் கிடைக்கும் லாபத்தைவிட இதில் கிடைப்பது கூடுதல் என்பது கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இதை வாங்குகிறவர் வெளிச்சத்துக்கு வாங்கவில்லை. வாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். வாசம் மாறினால் சரக்கே மாறிவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்வதில் தப்பும் கிடையாது.

என் கடைக்கு மாதா மாதம் வருகிற ஒரு டீச்சரம்மா போன வருடம் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். "அண்ணாச்சி, போன மாசம் குடுத்தியளே மல்லிப்பூத் திரி, இது அது இல்லையே" என்றார். "அதே ஆளுவகிட்ட இருந்துதாம்மா வந்தது, அதே சீட்டுதான் ஒட்டியிருக்கு" என்றேன். "சீட்டு அதேதான். போன மாசத்து வாசம் எங்கே?" என்று கேட்டார். பழைய டப்பாவில் அடியில் ஒட்டியிருந்த மெழுகையும் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். ஒன்று பூ. மற்றொன்று பூவும் இல்லை, சோப்பும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மளிகைக்கு இன்றும் வருகிறார், திரி பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் திரி செய்கிற மகளிர் குழுவைப் போனில் பிடித்துச் சத்தம் போட்டேன். கடற்கரைப் பக்கம் ஒரு குப்பத்தில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து செய்கிறார்கள். "நேரில வந்து பாருங்க அண்ணாச்சி" என்றார் குழுத் தலைவி. போனேன். போனது நல்லதாகப் போயிற்று. அங்கே கண்டதையும், அதன் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் நம் சங்க ஏட்டில் எழுதத் துணிகிறேன்.

முதலாவது, அளவு. பாட்டில் மூடியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மல்லிகைக்கு இரண்டு மூடி, எலுமிச்சைக்கு இரண்டு மூடி, கிராம்புக்கும் இரண்டு மூடி. நாம் எண்ணெய் வியாபாரம் செய்கிறவர்கள். லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல என்பது நமக்குப் பாலபாடம். வாசனை எண்ணெய்களில் இந்த வித்தியாசம் பெரிது. 100 மில்லி எலுமிச்சை எண்ணெய் சுமார் 85 கிராம் நிற்கும். அதே 100 மில்லி கிராம்பு எண்ணெய் 105 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். மூடியில் ஒரே அளவு, தராசில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். போதாததற்கு மூடி நிறைய ஊற்றுகிற கையும் உண்டு, விளிம்புக்குக் கீழே நிறுத்துகிற கையும் உண்டு. நகைக் கடைக்காரர் வைத்திருப்பதுபோல் கிராம் காட்டுகிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை அன்றோடு தீரும்.

பாரபின் மெழுகுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரை வாசனை எண்ணெய் சேர்ப்பது வழக்கம். குறைந்தால் மணக்காது. கூடினால் மெழுகு அதைத் தாங்காமல் மேலே வியர்த்துவிடும், திரிநூல் அடைத்துக்கொண்டு புகையும். "வாசம் பத்தல, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்று நாம் போனில் சொல்வது எவ்வளவு அறியாமை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது, சூடு. நம் பக்கத்தில் கிடைக்கும் மெழுகு 58 முதல் 62 டிகிரிக்குள் உருகும். அதற்கு மேல் 15, 20 டிகிரி ஏறியதும் அடுப்பிலிருந்து இறக்கி, எண்ணெயை விட்டு, இரண்டு நிமிடமாவது நன்றாகக் கலக்கி ஊற்ற வேண்டும். அங்கே பாத்திரத்தை நேராக கேஸ் அடுப்பில் வைத்து, தீயை அணைக்காமலே எண்ணெயை ஊற்றினார்கள். முதலில் ஆபத்து. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற எண்ணெய்களின் ஆவி 50 டிகிரிக்கு உள்ளேயே தீப்பற்றக் கூடியது. அடுத்தது நஷ்டம். கொதிக்கிற மெழுகில் விழுந்த வாசத்தில் லேசான பங்கு, அதாவது மூக்கில் முதலில் படுகிற பங்கு, ஆவியாகி அடுக்களையிலேயே போய்விடுகிறது. அந்தக் குடிசை மணந்த மணத்தில் பாதி டப்பாவுக்குள் இருந்திருந்தால் டீச்சரம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார். பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி உருக்கினால் சூடு கட்டுக்குள் நிற்கும். ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும்.

மூன்றாவது, மெழுகு. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் எடுக்கிற பாரபினும் உண்டு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவதும் உண்டு. தீக்குச்சியை மெழுகில் தோய்க்காமல் தீப்பெட்டித் தொழில் நடக்காது, ஆகவே கோவில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில் மெழுகு வாங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் எல்லா மெழுகும் ஒன்றல்ல. நன்றாகச் சுத்தம் செய்த மெழுகில் எண்ணெய்ப் பசை நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. மட்டமானதில் அது பல மடங்கு, முகர்ந்தாலே மண்ணெண்ணெய் வாடை தட்டும். அதன்மேல் எந்த மல்லிகையை ஊற்றினாலும் மல்லிகை தோற்கும். போதாததற்கு, போன முறை மிஞ்சிய துண்டு துக்காணிகளையும் பெண்கள் சிக்கனமாக அதே சட்டியில் போட்டு உருக்கிவிடுகிறார்கள். சந்தனத் துண்டு விழுந்த மல்லிகை எப்படி மல்லிகையாக இருக்கும்? மிச்சத்தை வெள்ளைத் திரிக்கு அடியில் ஊற்றிவிடலாம், வாசனைத் திரிக்குள் போடக் கூடாது.

நான்காவதுதான் முக்கியம், வாசனை எண்ணெய். மல்லிகைத் திரியில் மதுரை மல்லி இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். பூவிலிருந்து எடுக்கிற அசல் எண்ணெயின் விலைக்கு இந்தத் திரி கட்டுப்படியாகாது. பென்சைல் அசிடேட் முதலான பொருள்களைக் கூட்டிச் செய்கிற கலவைதான் எல்லாம். அந்தக் கூட்டு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஒருவர் செய்வது மொட்டு வாசம், இன்னொருவர் செய்வது வாடிய பூவின் வாசம். இரண்டு பாட்டிலிலும் 'மல்லிகை' என்றே எழுதியிருக்கும். இதற்கு நடுவில் சில்லறையாகப் பிரித்து விற்கிறவர் டி.இ.பி. என்கிற மணமில்லாத எண்ணெயை எவ்வளவு கலந்தார் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஊதுபத்தித் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய கதை.

"ஏம்மா, ஒரே கம்பெனி சென்ட் வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன். அந்த அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "கிலோ டின்னாத்தான் அண்ணாச்சி கம்பெனியில குடுப்பாவ. எங்க கையில எப்பவும் நூறு மில்லிக்குத்தான் காசு இருக்கு. எந்தக் கடையில கிடைக்கோ அங்க வாங்குதோம். நீங்க மாசி மாசத்து பில்லுக்கு இன்னும் பணம் தரலியே."

நான் போனது ஆனி மாதம்.

கடைக்கு வந்து பேரேட்டைப் புரட்டினேன். அவர் சொன்னது உண்மை. பெரிய சோப்புக் கம்பெனியின் ஏஜண்டுக்கு வாரம் தவறாமல் பணம் போயிருக்கிறது, தவறினால் சரக்கு வராது. இந்தப் பெண்களுக்கு மட்டும் 'விற்ற பிறகு பார்க்கலாம்' என்று விட்டிருக்கிறேன். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ வாசனை எண்ணெய் 20 கிலோ மெழுகுக்கு வரும். 100 கிராம் திரியாக ஊற்றினால் 200-க்கு மேல் தேறும், அத்தனையும் ஒரே வாசம். அதையே நூறு மில்லி பாட்டிலாக வாங்கினால் இருபது திரிக்கு ஒரு பாட்டில். 200 திரிக்குப் பத்துப் பாட்டில், பத்துத் தடவை கடை மாறும் வாய்ப்பு. என் கல்லாவில் நின்றுபோன பணம்தான் டீச்சரம்மாவின் டப்பாவில் வாசமாக மாறியது என்று சொன்னால் அது மிகையில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். 2023-இல் வருமான வரியிலும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டிக் கொடுக்கிற பணத்தை, கொடுத்த வருடத்துக் கணக்கில்தான் செலவாகக் காட்ட முடியும். திரி செய்கிற குழு உத்யம் பதிவு வைத்திருந்தால் இது நம்மைப் பிடிக்கும். உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கைவேலை என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். இந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மூர் மக்ரூன் எந்த மெஷினில் பிறக்கிறது? முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் அடித்து, முந்திரிப் பொடி சேர்த்து, கையால் பிழிந்துதான் வைக்கிறார்கள். பெயர் வாங்கிய பேக்கரியில் இன்று ஒரு ருசி, நாளை ஒரு ருசி கிடையாது. ஊதுபத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மைசூரில் 1948-இல் ரங்காராவ் தொடங்கிய நிறுவனத்தின் சைக்கிள் பிராண்டு நம் எல்லார் கடையிலும் இருக்கிறது. அந்தத் தொழிலில் பத்தி உருட்டியது காலகாலமாக வீட்டுப் பெண்களின் கைதான். ஆனால் வாசனைக் கலவையை அந்த நிறுவனம் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. உருட்டுகிற கை ஆயிரம் இருக்கலாம், வாசம் கூட்டுகிற இடம் ஒன்று.

முத்து வியாபாரம் இன்னும் நல்ல உதாரணம். கடைசியாக 1961-இல் இங்கே முத்துக் குளிப்பு நடந்தது. அதைப் பார்த்த பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருந்தார்கள். கடல் கொடுக்கிற முத்தில் ஒன்றைப்போல் ஒன்று கிடையாது. ஆனாலும் வெளியூர் வியாபாரி நம்பி வாங்கினான். காரணம் பித்தளைச் சல்லடைகள். இருபது கண் சல்லடையில் தொடங்கி ஆயிரம் கண் வரை பத்துச் சல்லடைகளில் சலித்து, எதில் நின்றதோ அந்தத் தரம் என்று பிரித்து வைத்தார்கள். முத்து ஒன்றுபோல் இல்லை, தரம் ஒன்றுபோல் இருந்தது. திரியிலும் வாசம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மாறட்டும், ஆனால் வேறு பெயரில், வேறு எண்ணில் வரட்டும். அதே சீட்டை ஒட்டிக்கொண்டு வரக் கூடாது என்பதுதான் என் வாதம்.

செய்கிறவர்கள் மேலும் பணப் பாக்கி மேலும் பழியைப் போட்டுவிட்டு நம் கடையைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை. என் கடையிலேயே திரிப் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? ஒரு பக்கம் பினாயில், மறு பக்கம் கருவாட்டு மூட்டை, தலைக்கு மேல் தகரக் கூரை. தேயிலையைச் சோப்புக்குப் பக்கத்தில் வைக்காதே என்று அப்பா அடித்துச் சொல்லிக் கொடுத்தது எனக்கு, மெழுகு என்றதும் மறந்துவிட்டது. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே திரி இளகிப்போகிறது, வாசமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. மெல்லிய பாலிதீன் உறை அதைப் பிடித்து வைக்காது. மூடி இறுக்கமான டப்பாவாக இருந்தால்தான் நிற்கும். ஷோகேஸில் வெயில் படுகிற இடத்தில் மாதக்கணக்கில் நிற்கிற திரி நிறமும் வெளுத்து மணமும் மாறிவிடும். புதுச் சரக்கை முன்னால் அடுக்கி, பழையதைப் பின்னால் தள்ளுகிற நம் வழக்கம் வேறு. ஆறு மாதத்துப் பழசும் நேற்று வந்ததும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குப் போனால் வாடிக்கையாளர் வித்தியாசம் கண்டுபிடிக்காமல் என்ன செய்வார்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது சோதனை ஆகாது. எரியாதபோது நன்றாக மணந்து, கொளுத்தினால் ஒன்றுமில்லாமல் போகிற திரியும் உண்டு. நூல் மெலிந்திருந்தால் மேல் மெழுகு அகலமாக உருகாது, உருகாவிட்டால் வாசம் எழும்பாது. ஊற்றிய அன்றே கொளுத்தியும் பார்க்கக் கூடாது, இரண்டு மூன்று நாள் ஆறட்டும். செய்கிறவர் மூக்கையும் நம்பக் கூடாது. பத்து நிமிடம் அந்த வாசத்தில் இருந்தால் மூக்கு மரத்துவிடும். கருவாட்டு ஏலத்தில் நிற்கிறவருக்குக் கருவாடு நாறுகிறதா? வெளியிலிருந்து வருகிற ஒருவரிடம் பழைய திரியையும் புதுத் திரியையும் கொடுத்துக் கேட்க வேண்டும். அதற்குப் பழைய திரி கையில் இருக்க வேண்டுமே! ஒவ்வொரு ஊற்றலிலும் ஒன்றை இறுக்க மூடி, இருட்டான இடத்தில் எடுத்து வைக்க வேண்டியதன் காரணம் அதுதான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், மெழுகுதிரி ஒரு காலத்தில் சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கிய சாமான்களின் பட்டியலில் இருந்தது. தீப்பெட்டி, ஊதுபத்தி, ஊறுகாய் எல்லாம் அதே பட்டியல்தான். 2015 ஏப்ரலில் மிஞ்சியிருந்த கடைசி இருபது சாமான்களையும் மத்திய அரசு எடுத்துவிட்டது. எத்தனை பெரிய கம்பெனியும் இன்று திரி ஊற்றலாம். அவர்கள் சரக்கு இந்தப் பெண்கள் சரக்கைவிட நன்றாக மணக்கும் என்று நான் சொல்லவில்லை, என் மூக்குக்கு அப்படித் தோன்றவும் இல்லை. ஆனால் ஜனவரியில் வாங்கினாலும் ஜூலையில் வாங்கினாலும் ஒன்றாக மணக்கும். அந்த ஒரு பலத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால், கழிவு எவ்வளவு என்று அவர்கள் சொல்வதுதான் நமக்கு மிச்சம். இன்று நாமே விலை பேசி வாங்குகிற சரக்கு நம் தெருவில் இது ஒன்றுதான் பாக்கி இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

நான் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஏற்பவர்கள் ஏற்கலாம். மாசி மாதத்துப் பாக்கியை முதலில் தீர்த்தேன். கிறிஸ்துமஸ் சரக்குக்கு முன்பணம் கொடுத்தேன், ரூபாயாக அல்ல, மூன்று கிலோ டின்னாக. மல்லிகை, சந்தனம், எலுமிச்சை ஒவ்வொன்றும் ஒரு கிலோ, கம்பெனி பெயரும் அவர்கள் போட்ட நம்பரும் டின்னிலேயே இருக்கிறது. அந்தத் தொகையைப் பில்லில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. குழுவினர் தராசும் தெர்மாமீட்டரும் வாங்கினார்கள். பொட்டலப் பொருள் விதிகளின்படி செய்தவர் பெயர், விலாசம், நிகர எடை, மாதம், வருடம், விலை எல்லாம் சீட்டில் இருந்தே ஆக வேண்டும். பாதிச் சரக்கில் அது இல்லாமலே நாம் விற்றுக்கொண்டிருக்கிறோம், எடை அளவு ஆய்வாளர் வந்தால் மாட்டிக்கொள்வது கடைக்காரர். அந்தச் சீட்டிலேயே ஊற்றல் எண் ஒன்றையும் சேர்த்துப் போடச் சொன்னேன். எண்ணுக்கு ஒரு திரி அவர்களிடம், ஒரு திரி என்னிடம். என் பங்குத் திரிகள் கல்லாவுக்குப் பக்கத்து மர அலமாரியில் இருக்கின்றன. கருவாடு பின்கட்டுக்குப் போய்விட்டது.

நம்மில் நாலைந்து கடைக்காரர்கள் ஒரே குழுவிடம்தான் வாங்குகிறோம். தனித்தனியாகக் கிலோ டின் வாங்கிக் கொடுக்க எல்லாராலும் முடியாது. நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு டின்னுக்கும் குறைவாகத்தான் விழும். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டத்துக்கு வரும்போது தங்கள் கடையில் இருக்கிற மல்லிகைத் திரியில் பழசு ஒன்றும் புதுசு ஒன்றும் கொண்டுவாருங்கள். சீட்டைக் கிழித்துவிட்டு மேசையில் வைத்து முகர்ந்து பார்ப்போம். டீச்சரம்மாவையும் வரச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன், வருவாரா என்று தெரியவில்லை.